கடைசி ஆள் கடந்து போகும்வரை தண்ணீர் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் நம் மாவட்டத்தில் நடைபெற்ற அரை மாரத்தான் ஓட்டம் குறித்துத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களின் பெயர்களும், கொடியசைத்துத் தொடங்கிவைத்த சிறப்பு விருந்தினரின் படமும் அதில் இடம்பெற்றிருந்தன. செய்தியில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் நானும் ஓடினேன். பரிசு பெற்றவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரத்தில் நானும் என்னைப்போல் இன்னும் பலரும் வெயிலில் சாலையில்தான் இருந்தோம். செய்தியில் வராத அந்தப் பிற்பாதியில் நடந்ததை எழுதுவதற்காகவே இக்கடிதம். சற்று நீளமானதுதான், பொறுத்தருளி வெளியிட வேண்டுகிறேன்.

நான் தக்கலையில் வசிப்பவள். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். வயது 48. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று 41ஆம் வயதில் மருத்துவர் சொன்னபோது நடக்கத் தொடங்கினேன். பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டிய சாலையில் போய்த் திரும்புவது வழக்கமாயிற்று. நடை ஒரு நாள் தானாகவே ஓட்டமாக மாறியது. மறு ஆண்டில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் பெயர் கொடுத்தேன். அதன்பின் இதுவரை ஒன்பது அரை மாரத்தான்களையும், சென்னையில் ஒரு முழு மாரத்தானையும் ஓடி முடித்திருக்கிறேன். முழு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர்; அரை என்பது அதில் சரிபாதி, 21 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். என்னுடைய வேகத்தில் அரை மாரத்தானை முடிக்க இரண்டே முக்கால் மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை ஆகும். இந்த வேகத்தில் ஓடுபவர்கள்தாம் ஒவ்வொரு ஓட்டத்திலும் பெருங்கூட்டம். இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள், வங்கி ஊழியர்கள், கடை வைத்திருப்பவர்கள் என எல்லாரும் கட்டணம் கட்டி, மார்பில் எண் குத்திக்கொண்டு நிற்பது இந்தப் பிற்பகுதியில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட தூரம் ஓடுவேன். விடியுமுன் நாலரை மணிக்கு வீட்டிலிருந்து இறங்கி, குமாரகோவில் வழியாக வேளிமலை அடிவாரம் வரை சென்று திரும்புவதும், சில வாரங்களில் குலசேகரம் சாலையில் ரப்பர் தோட்டங்களின் ஊடாக ஓடுவதும் உண்டு. அந்த இருட்டில் தோட்டத்துக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டும் தொழிலாளி அவர். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக வடியாது என்பதால் உலகம் உறங்கும்போதே அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைச் சாலையில் ஓடும் நாட்களில், நான் அங்கே போய்ச் சேருமுன்பே இரவில் கடலுக்குப் போனவர்கள் கரை சேர்ந்து வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வெயிலோடு போட்டி போடக்கூடாது என்பதை இந்த மாவட்டத்தில் உழைத்துப் பிழைப்பவர் ஒவ்வொருவரும் அறிவர். ஓட்டப் பந்தயம் நடத்துபவர்கள் மட்டும் ஏன் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் முதல் வருத்தம்.

அன்றைய ஓட்டம் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நாலே முக்கால் மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டோம். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு அந்தக் காலை நேரம் கணக்குப் போட்டு வாழ வேண்டிய நேரம். முதல் நாள் இரவு மரச்சீனிக் கிழங்கோ கஞ்சியோ வயிறாரச் சாப்பிட்டு, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மட்டிப்பழம் தின்று, அளவாகத் தண்ணீர் குடித்து, கழிப்பறைக்குப் போய்வந்து, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். ஐந்தரை மணிக்கு என்று நினைத்து இவை அனைத்தையும் செய்து முடித்து நின்றோம். விருந்தினர் வரவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். ஐந்தே முக்கால் ஆயிற்று, ஆறு ஆயிற்று. கிழக்கு வெளுத்தது. ஆறு இருபதுக்கு வண்டி வந்து, பொன்னாடை போர்த்தி, வரவேற்புரை முடிந்து, கொடியசைத்தபோது மணி ஆறு இருபத்தெட்டு. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போய்விட்டது. ஒன்றரை மணி நேரத்தில் ஓடி முடிப்பவருக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. அவர் எட்டு மணிக்கு நிழலில் உட்கார்ந்துவிடுவார். மூன்று மணி நேரம் ஓடுபவருக்கோ, எட்டரைக்கு முடிந்திருக்க வேண்டிய ஓட்டம் ஒன்பதரை வரை இழுத்துவிடும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில், மழை ஓய்ந்த மறுநாள், ஒன்பது மணி வெயில் எப்படி இருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்துக் கிலோமீட்டர் வரை குறையொன்றும் இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேசை, மேசையில் தண்ணீர், ஆரஞ்சுச் சுளை, கைதட்டி உற்சாகப்படுத்தும் கல்லூரி மாணவர்கள். பதினான்காவது கிலோமீட்டர் மேசையை அடைந்தபோது இருபது லிட்டர் கேன்கள் மூன்றும் கவிழ்ந்து கிடந்தன. இரண்டு மாணவர்கள் விளம்பரத் தட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டேன். முகம் வாடிப்போய், “தீந்துபோச்சு மேடம், வண்டி வரும்னு சொன்னாங்க, வரல்ல” என்றான் ஒரு பையன். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. விடியற்காலையிலிருந்து ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் நின்றவர்கள் அவர்கள். பதினாறாவது கிலோமீட்டரில் மேசையே இல்லை. இருந்ததற்கு அடையாளமாகச் சாலையோரம் முழுக்கக் காகிதக் கோப்பைகள் சிதறிக் கிடந்தன.

பதினேழைத் தாண்டியதும் இரண்டு கைகளிலும் மயிர்க்கூச்செறிந்தது. கொளுத்தும் வெயிலில் உடம்பு குளிர்வதுபோல் இருந்தது. இது நல்ல அறிகுறி அல்ல என்று படித்திருக்கிறேன். உடனே ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த, அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எதிரே ஒரு சிறிய டீக்கடை. கடைக்கார அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பெஞ்சைத் துடைத்து நிழலில் இழுத்துப் போட்டு, எலுமிச்சை இரண்டைப் பிழிந்து, உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, இரண்டு தம்ளர் போஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். பெரியவரின் தலையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். பணம் கொண்டு வரவில்லையே என்று நான் தயங்கியபோது, “பைசா இருக்கட்டு பிள்ளே, மொதல்ல இருந்து குடி” என்றார். கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். அதற்குள் ஆம்புலன்ஸ் ஒன்றும் அந்த வழியாக வரவில்லை. தொடக்கத்தில் மைதானத்தில் நின்ற ஒரேயொரு ஆம்புலன்ஸ் பரிசளிப்பு முடியும்வரை மேடைக்குப் பக்கத்திலேயே நின்றதாகப் பின்னர் அறிந்தேன்.

மீதி நான்கு கிலோமீட்டரையும் நடந்தும் சிறிது ஓடியும் முடித்தேன். மைதானத்துக்குள் நுழைந்தபோது எல்லைக்கோட்டில் இருந்த வளைவின் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓடுபவரின் காலணியில் கட்டிய சிப் கடந்து போகும்போது நேரத்தைப் பதியும் அந்த நீல விரிப்பு சுருட்டப்பட்டு, ஒரு சுமை ஆட்டோவில் ஏற்றப்பட்டிருந்தது. என் கடிகாரத்தில் மூன்று மணி ஏழு நிமிடம். அறிவிக்கப்பட்ட கெடு மூன்றரை மணி நேரம். கெடுவுக்கு இருபத்துமூன்று நிமிடம் முன்னதாகவே வந்திருந்தும் கடந்து செல்ல அங்கே கோடு இல்லை. இரண்டு நாள் கழித்து முடிவுகள் வெளியானபோது என் எண்ணுக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்றிருந்தது. மின்கம்பத்தைப் பிடித்து நின்று, பிறகு என்னோடு சேர்ந்து நடந்து முடித்த அந்தப் பெரியவரின் எண்ணுக்கு நேரேயும் அதே சொல்தான். பதக்கம் தீர்ந்துபோனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. முடித்ததை முடிக்கவில்லை என்று எழுதியது மனத்தில் தைத்துவிட்டது, இன்றுவரை ஆறவில்லை.

இதைத் தனிப்பட்ட ஒருவரின் குறையாக எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகச் சில செய்திகளைச் சொல்கிறேன். மெதுவாக ஓடுபவர் குறைவாகத்தான் உழைக்கிறார், அவருக்குக் குறைவான ஏற்பாடு போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தை ஓட்டம் முடிந்தவுடன் பரிசோதித்த மருத்துவர்கள், அவர்களில் 13 விழுக்காட்டினரின் ரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்கு நீர் குடித்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் அவர்களில் மிகுதி. நீண்ட நேரம் சாலையில் இருப்பவர் ஒவ்வொரு மேசையிலும் நின்று பயத்தில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகிறார். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. தலைசுற்றலும் குழப்பமும் வருகின்றன. முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதல் பாதியில் தண்ணீரை வாரி வழங்கிவிட்டுப் பிற்பாதியில் ஒன்றுமே வைக்காமல் விடுவது இரண்டு வகையிலும் தவறு. தாகத்துக்கு அளவாகக் குடிக்கச் சொல்லவும் வேண்டும், உப்புள்ள பானமும் உணவும் கடைசிவரை கிடைக்கவும் வேண்டும்.

வெயிலின் தாக்கமும் அப்படித்தான். வியர்வை சொட்டுவதால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகிப் போனால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நம் கடலோரத்தில் வியர்வை உடம்பிலேயே வழிந்து நிற்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று வீசும்போது ஓடியவர்களுக்கும், இராஜாக்கமங்கலம் பக்கம் காற்று நின்ற நாளில் ஓடியவர்களுக்கும் இந்த வேறுபாடு உடம்பாலேயே தெரியும். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாக நடத்தப்பட்டது. அதில் வென்றவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். ஆனால் அந்தப் போட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் நினைவுகூர்வது 37ஆம் இடத்தில் வந்த சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் என்பவரை. கடைசித் தண்ணீர் மேசையைத் தவறவிட்ட அவர், வெப்பத்தால் உடல் ஒருபக்கமாக வளைந்து, கை தொங்க, மைதானத்தின் கடைசிச் சுற்றை மட்டும் கடக்க ஐந்தே முக்கால் நிமிடம் எடுத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைப் பார்த்தபடியே மருத்துவர்கள் பக்கத்தில் நடந்தார்கள். ஒலிம்பிக் வீராங்கனைக்கு ஒரு மேசை தவறியதால் வந்த நிலை அது. நம் ஊர் ஓட்டங்களில் சாதாரண மனிதர்களுக்கு நான்கு மேசைகள் இல்லாமல் போகின்றன.

இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் வெளியிலிருந்து வந்த பழக்கம் அன்று. மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டி, முன்சிறை திருமலைக் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டம், பன்னிரண்டு கோயில்களையும் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தையும் உள்ளடக்கியது. காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியும் இடுப்பில் திருநீற்றுப் பையுமாக “கோவிந்தா, கோபாலா” என்று குரலெழுப்பியபடி இரவும் பகலும் போவார்கள். பாதி மனித, பாதி விலங்கு உருவம் கொண்ட சிவபக்தனான புருஷாமிருகம் துரத்த, பீமன் திருமாலின் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே ஓடிய கதையைக் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஓட்டம் ஓடியவர். வெறுங்காலுடன் ஓடி வந்தவரின் பாதத்தில் ஆமணக்கெண்ணெய் தடவிவிடுவது சிறுமியாக இருந்தபோது என் வேலை.

பொன்மனையைத் தாண்டிப் பன்னிப்பாகம் போகும் வழியில் எங்கள் பழைய வீடு இருந்தது. ஓட்டக்காரர்கள் வரும் இரவு முழுவதும் வாசலில் மூன்று பானைகள் இருக்கும். ஒன்றில் மோர், ஒன்றில் பானகம், ஒன்றில் சுக்கு வெந்நீர். மோரில் கறிவேப்பிலையும் இஞ்சியும் இடித்துப் போட்டு, கல்லுப்பைக் கையாலேயே அளந்து போடுவார் ஆச்சி. நாவில் வைத்தால் சற்றுக் கரிக்க வேண்டும், அப்போதுதான் ஓடி வருபவனுக்குச் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. பாட்டா ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைப் புளியமரக் கிளையில் தொங்கவிடுவார். நள்ளிரவில் இளைஞர்கள் கூட்டமாகப் பறந்து போவார்கள். பலர் நிற்கவே மாட்டார்கள். விடிந்தபின் வருபவர்கள் நடுத்தர வயதினர். காலை பத்து, பதினொன்று மணிக்குமேல் வருபவர்கள் காலில் கொப்புளத்தோடு, கம்பை ஊன்றிக்கொண்டு வருவார்கள். ஒரு வருடம் பதினொன்றரை மணிக்கு, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து நான் மோர்ப்பானையைக் கழுவ எடுத்துச் சென்றேன். ஆச்சி என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னதை இப்போதும் அதே குரலில் கேட்கிறேன்: “மக்களே, கடைசி ஆளு போன பொறவுதான் பானைய கமத்தணும். முன்னால போறவனுக்கு எல்லாரும் குடுப்பாவ. பின்னால வாறவனுக்குத்தான் நம்ம இருக்கோம்.” மத்தியானம் ஒரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். பானையில் அடியில் வைத்திருந்த மோரை மூவரும் குடித்தார்கள்.

அந்த வழியெங்கும் எங்களைப்போல் நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. யாரும் அறிவிப்புச் செய்வதில்லை. யாரும் கட்டணம் வாங்குவதில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்பவர்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த மாவட்டத்தில், ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கட்டணம் வாங்கி நடத்தும் 21 கிலோமீட்டர் ஓட்டத்தில் பதினான்காம் கிலோமீட்டரோடு தண்ணீர் தீர்ந்துவிடுவதை எப்படி ஏற்றுக்கொள்வது? விளம்பரத் தட்டிகளுக்கும் மேடைக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் இருந்தது. இன்னும் நான்கு வண்டித் தண்ணீருக்கும் இரண்டு மூட்டை உப்புக்கும் ஆகும் செலவு அதில் சிறு துளி.

நான் கேட்பவை பெரிய செலவுள்ளவை அல்ல. அறிவித்த நேரத்தில் ஓட்டம் தொடங்க வேண்டும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் தொடங்க வேண்டும். அவர் வந்தபின் பரிசளிக்கட்டும். கடைசியாக வருபவர்களுக்கும் அவர் கையாலேயே பதக்கம் கிடைக்கட்டும். கோடை மாதங்களில் நம் பக்கம் ஏறத்தாழ ஆறு மணிக்கே சூரியன் உதித்துவிடுவதால், அரை மாரத்தானை நாலரை மணிக்கே தொடங்கிவிடுவது நல்லது. சென்னையில் நான் ஓடிய முழு மாரத்தான் விடியுமுன் நான்கு மணிக்குத் தொடங்கியது. முப்பது கிலோமீட்டருக்குமேல் உடம்பில் சேமித்த சக்தி தீர்ந்து கால்கள் மரக்கட்டையாகும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் 38ஆவது கிலோமீட்டரிலும் உப்புத் தூவிய ஆரஞ்சுச் சுளையோடு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். அந்தச் சுளைதான் என்னை எல்லை சேர்த்தது என்று சொல்வேன்.

மருத்துவ ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் உயிர் இருக்கிறது. ஓடும்போது உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அந்த நிலையில் நோயாளியை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவது போதாது. முதலில் அந்த இடத்திலேயே உடம்பைக் குளிர்விக்க வேண்டும், அதன்பிறகே கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இன்றைய விளையாட்டு மருத்துவம் ஏற்றுக்கொண்ட முறை. கழுத்தளவு பனிக்கட்டி நீர்த் தொட்டியில் இறக்குவதே அதற்கு மிகச் சிறந்த வழி. அமெரிக்காவில் ஆகஸ்ட் மாத வெயிலில் நடக்கும் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரை இவ்வாறு உடனுக்குடன் குளிர்வித்தார்கள்; ஒருவர்கூட இறக்கவில்லை. இதற்கு என்ன வேண்டும்? ஐஸ் வேண்டும், ஒரு பெரிய தொட்டி வேண்டும், தெரிந்த மருத்துவர் ஒருவர் வேண்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என மீன்பிடித் துறைமுகங்கள் உள்ள நம் மாவட்டத்தில் ஐஸுக்குப் பஞ்சமா? மீன் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒவ்வொரு துறையிலும் அடுக்கிக் கிடக்கிறதே. கடைசி ஐந்து கிலோமீட்டரில் அப்படி இரண்டு தொட்டிகளை ஐஸோடு வைத்தால், மேடையோரம் ஓசையில்லாமல் நிற்கும் ஆம்புலன்ஸைவிட அவை பயன்படும்.

பெண்களுக்கான கழிப்பறையைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்: வழியில் இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும், பூட்டாமல் இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாத காரணத்தால் ஓட்டத்துக்கு முன் தண்ணீர் குடிக்காமலே வரும் தோழியர் எனக்குப் பலர் உண்டு. அதன் தீங்கை மேலே எழுதியதிலிருந்தே உணரலாம்.

கெடு நேரம் என்பது ஓடுபவர் மட்டும் காக்க வேண்டிய வாக்கு அன்று. மூன்றரை மணி நேரம் என்று அறிவித்தால், மூன்று மணி இருபத்தொன்பதாம் நிமிடத்திலும் விரிப்பு தரையில் இருக்க வேண்டும். ஒரு மனிதர் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் காம்ரேட்ஸ் மாரத்தான் நடந்துவருகிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கொண்ட அந்த ஓட்டத்துக்குக் கெடு 12 மணி நேரம். கெடு முடியும் கடைசி நிமிடங்களில் மைதானம் நிரம்பி வழிகிறது. முதலில் வந்தவர்களும் எழுந்து நின்று கடைசி ஆட்களுக்காகக் குரல் கொடுக்கிறார்கள். கெடு முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கிறது. அதுவரை யாரும் கோட்டைச் சுருட்டுவதில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி மாவட்டத்தில் நடக்கும் ஓட்டங்களின் செய்தியில், அறிவித்த நேரம் எது, தொடங்கிய நேரம் எது, எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், கடைசியாக வந்தவர் எத்தனை மணிக்கு எல்லையைத் தொட்டார் என்பதையும் இரண்டு வரியில் வெளியிடுங்கள். அந்த இரண்டு வரி அச்சில் வரும் என்று தெரிந்தால் அமைப்பாளர்கள் கடைசி மேசையை ஒருபோதும் காலியாக விடமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓட்டம் நடத்துவது எவ்வளவு கடினமான வேலை என்பதையும், சாலை அனுமதி முதல் குப்பை அள்ளுவது வரை அவர்கள் படும் பாட்டையும் நான் அறியாதவள் அல்லேன். அவர்கள் தொடர்ந்து நடத்த வேண்டும், நன்றாக நடத்த வேண்டும் என்பதாலேயே எழுதுகிறேன். எங்கள் பள்ளி மாணவியர் சிலர் இப்போது என்னோடு ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் மெதுவாகத்தான் ஓடுகிறார்கள்.

அடுத்த ஓட்டத்தில் நான் பெயர் கொடுக்கப் போவதில்லை. என்னுடன் பணிபுரியும் ஆசிரியைகள் நால்வரும், அன்று மின்கம்பத்தைப் பிடித்து நின்ற பெரியவரும், அந்த டீக்கடை அம்மாவும் நானும் சேர்ந்து பதினேழாவது கிலோமீட்டரில் மூன்று பானைகளோடு நிற்பதென்று முடிவு செய்திருக்கிறோம். மோர், உப்புப் போட்ட போஞ்சி, வெறும் தண்ணீர். கூடவே ஒரு குலை மட்டிப்பழம், ஒரு பெட்டி ஐஸ். செலவு எங்களுடையது. அமைப்பாளர்கள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது ஒன்றுதான்: கடைசி ஆள் அவ்விடத்தை எத்தனை மணிக்குக் கடப்பார் என்பது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.